ஸ்கொத்லாந்து ஏடுகளில் முன்னோரைத் தேடுதல்

பூண்டுலோயாவிலே டன்சினன் என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. தலவாக்கலைக்கு அருகில் ஹோலிறூட் என்றொரு தோட்டம். அக்கரப்பத்தனைப் பகுதியிலோ பெல்மோரல், வேவர்லி, கிளாஸ்கோ என்று பல தோட்டங்கள். மலைநாட்டு மக்களின் நாவில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கி, நம்மூர்ப் பெயர்களாகவே ஆகிவிட்ட இவை யாவும் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவை. டன்சினன் அந்நாட்டுக் குன்றொன்றின் பெயர். ஹோலிறூட் எடின்பரோ நகரத்து அரண்மனை. பெல்மோரல் அபர்டீன் பகுதியிலுள்ள அரசமாளிகை. கோப்பிக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் இந்நாட்டுக்கு வந்த துரைமாரில் ஸ்கொத்லாந்தர் மிகப் பலர். தோட்டத்தில் உழைத்தவர் தமிழர். தோட்டத்துக்குப் பெயர் சூட்டியவர் அவர்கள்.

இவ்வாறு கடல் கடந்து சென்ற ஸ்கொத்லாந்தரின் வழியினர் இன்று கனடாவிலும், அவுஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும், அமெரிக்காவிலும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். தம் பூட்டன் எந்த ஊரிற் பிறந்தான், பூட்டி எவர் மகள் என்பவற்றை அறிய விரும்பி அவர்களுட் பலர் எடின்பரோவை நாடுகின்றனர். அரசர்க்கும் பிரபுக்களுக்கும் வமிசாவளி எழுதிவைக்க ஆட்கள் இருந்தனர். ஆனால், குத்தகை நிலத்தை உழுதவனும், தறியில் அமர்ந்தவனும், சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டியவனும் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தவர்கள் அல்லர். அத்தகையோரின் பெயரை இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எவ்வாறு கண்டுபிடிப்பது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தேடலுக்கு உதவும் ஏடுகள் முதன்மையாக மூவகைப்படும். அரசாங்கத்தின் பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள் ஒருவகை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிசன மதிப்பு மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் முற்பட்ட காலத்தனவாகிய கோயிற்பற்றுப் பதிவேடுகள் மூன்றாவது வகை. இவற்றுள் ஒன்றேனும் பிற்காலத்துப் பூட்டப்பிள்ளைகளின் வசதிக்காக எழுதப்பட்டதன்று. சட்டத்தின் தேவைக்கு ஒன்று, நாட்டின் தொகையை அறிய ஒன்று, திருச்சபையின் ஒழுங்கைப் பேண ஒன்று என எழுதப்பட்டவை அவை. ஆகவே அவற்றைத் திறத்தல் எளிது. பிழையின்றிப் படித்தலே அரிது. நீதிமன்றத்திலே சாட்சியை விசாரிப்பது போல ஒவ்வொரு பதிவையும் நாம் விசாரித்தல் வேண்டும். இதைச் சொன்னவர் யார்? அவர் அதை அறிந்தது எவ்வாறு? எவர் கேட்டதற்காகச் சொன்னார்? இம்மூன்று வினாக்களையும் மறவாதவனே இத்துறையில் வழிதவறாமற் செல்வான்.

முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செல்லுதல். தன்னிலிருந்து தந்தைக்கும், தந்தையிலிருந்து பாட்டனுக்கும் ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். மக்டொனால்ட், காம்பெல் போன்ற புகழ்பெற்ற குலப்பெயர் ஒன்றைக் கொண்டவர்கள், அக்குலத் தலைவனையே முன்னோனாக வைத்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்க முற்படுவதுண்டு. இது பெருந்தவறு. ஸ்கொத்லாந்தின் மலைப்பகுதியிலே தலைவனின் நிலத்தில் வாழ்ந்த குடிகள் அவனுடைய பெயரையே தம் பெயராகக் கொண்டதுண்டு. பெயரொற்றுமை இரத்த உறவுக்குச் சான்றாகாது.

அரசாங்கப் பதிவு ஸ்கொத்லாந்தில் 1855ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதி தொடங்கிற்று. இங்கிலாந்திலே அது 1837இல் தொடங்கிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் பிந்தினும், ஸ்கொத்லாந்துப் பதிவு விபரத்தில் இங்கிலாந்துப் பதிவை வென்றது. அந்நாட்டு மரணப் பதிவிலே இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பெயரும், அத்தாய் கன்னியாயிருந்தபோது கொண்டிருந்த குடும்பப் பெயரும் எழுதப்பட்டன. விவாகப் பதிவிலும் மணமக்கள் இருவரின் தாய் தந்தையர் பெயர்களும் காணப்படும். ஆகவே ஒருவரின் மரணப் பதிவைக் கண்டால், ஒரு தலைமுறை மேலே ஏறுவதற்குரிய படி அங்கேயே அமைந்திருக்கும்.

இவற்றுள்ளும் 1855ஆம் ஆண்டுப் பதிவுகள் தனிச்சிறப்புடையன. முதலாண்டிலே அதிகாரிகள் ஆர்வமிகுதியால் எல்லாவற்றையும் கேட்டனர். பிறப்புப் பதிவிலே பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த ஊர், மணம் செய்த காலமும் இடமும், அவர்களுக்கு முன்னர்ப் பிறந்த பிள்ளைகளின் தொகை ஆகியன இடம்பெற்றன. மரணப் பதிவிலே இறந்தவர் பிறந்த இடம், வாழ்க்கைத் துணையின் பெயர், பிள்ளைகளின் பெயர்களும் வயதும், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகியனவும் எழுதப்பட்டன. எண்பது வயதான ஒருவர் அவ்வாண்டில் இறந்திருப்பின், 1775ஆம் ஆண்டளவிற் பிறந்த அவரையும், அவருக்கும் முந்திய தலைமுறையினரான அவர் பெற்றோரையும், அவர் பெற்ற மக்களையும் ஒரே பக்கத்திற் காணலாம். ஆனால், இவ்வளவையும் எழுதுவது பதிவாளர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆதலால் 1856இல் இவ்விபரங்களுட் பல கைவிடப்பட்டன. 1861 முதல், பெற்றோரின் விவாகத் திகதி பிறப்புப் பதிவிலும், வாழ்க்கைத் துணையின் பெயர் மரணப் பதிவிலும் மீண்டும் சேர்க்கப்பட்டன. தன் முன்னோருள் ஒருவரேனும் 1855ஆம் ஆண்டிற் பிறந்தோ இறந்தோ இருக்கக் காண்பவர், புதையல் எடுத்தவர்க்கு ஒப்பாவர்.

எனினும் சாட்சியை விசாரிக்கும் கடமை இங்கும் நம்மை விட்டகலாது. விவாகப் பதிவிலே தன் தாய் தந்தையரின் பெயரைச் சொல்பவன் மணமகனே. அவன் அறிந்தே சொல்கின்றான். மரணப் பதிவிலோ இறந்தவர் பேசுவதில்லை. மகனோ, மருமகனோ, அயல்வீட்டுக்காரனோ வந்து சொல்கின்றான். இறந்த கிழவியின் தாயை அவன் ஒருகாலும் கண்டிருக்கமாட்டான். பெயரைக் கேட்கும் பதிவாளர் முன்னே, துக்கத்தோடு நிற்கும் அம்மனிதன் நினைவில் வந்த பெயரைச் சொல்லிவிடுவான். ஆகவே மரணப் பதிவும் விவாகப் பதிவும் முரண்படுமிடத்து, பெரும்பாலும் விவாகப் பதிவையே நம்புதல் தகும். பதிவின் அடியில் ஒப்பமிட்டவர் யார், அவர் இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். பலர் அதனைப் படியாமல் விட்டுவிடுகின்றனர்.

அரசாங்கப் பதிவு ஆளைத் தனியே காட்டும். குடிசன மதிப்பு அவரைக் குடும்பத்தோடு காட்டும். பிரித்தானியாவில் 1801 முதல், 1941ஆம் ஆண்டு நீங்கலாக, பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. முதல் நான்கு மதிப்புக்களும் பெரும்பாலும் தலைகளை எண்ணியனவேயன்றிப் பெயர்களை எழுதியனவல்ல. நாடு முழுவதிலும் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்ட முதல் மதிப்பு 1841ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி எடுக்கப்பட்டதாகும். அதிலும் குறைகள் உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு கணக்கெடுப்போர் பணிக்கப்பட்டிருந்தனர். முப்பத்து நான்கு வயதினன் முப்பது வயதினன் ஆனான். பிறந்த ஊரின் பெயரும் கேட்கப்படவில்லை. அதே மாவட்டத்திற் பிறந்தவரா, அன்றி இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய பிறநாடுகளிற் பிறந்தவரா என்பது மட்டுமே குறிக்கப்பட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்தோரின் உறவுமுறையும் சொல்லப்படவில்லை. ஆகவே அவ்வேட்டிலே ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நான்கு பிள்ளைகளையும் காண்பவர், அவர்களைக் கணவன் மனைவி மக்கள் என்று உடனே முடிவு செய்தலாகாது. அவர்கள் அண்ணனும் தங்கையுமாக இருத்தல் கூடும். பிள்ளைகள் இறந்துபோன சகோதரனின் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

இக்குறைகள் 1851இல் நீங்கின. குடும்பத் தலைவனுக்கு ஒவ்வொருவரும் என்ன முறையினர், மணமானவரா, வயது என்ன, தொழில் யாது, எந்தக் கோயிற்பற்றிற் பிறந்தவர் என்பன எழுதப்பட்டன. இவற்றுள் இறுதியிற் சொன்னதே தேடுவோனுக்கு உயிர்நிலை. கிளாஸ்கோ நகரத்து ஆலையிலே வேலை செய்த ஒருவன் உண்மையில் எந்த மூலையிலிருந்து வந்தவன் என்பதை அவ்வொரு சொல் காட்டிவிடும். கோயிற்பற்றின் பெயர் தெரிந்தாலன்றி அக்காலத்துக்கு முந்திய ஏடுகளில் எதைத் திறப்பது என்பது தெரியாது.

குடிசன மதிப்பு வாழ்க்கையின் கோலத்தையும் காட்டும். 1861ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து மதிப்பிலே புதுமையான கேள்வியொன்று கேட்கப்பட்டது. உங்கள் வீட்டில் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்பதே அது. நாட்டுக் குடும்பங்களிற் பெரும்பாலானவை ஓரறையிலோ ஈரறையிலோ அடங்கியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. ஒரு சன்னலுள்ள ஓரறையிலே எட்டுப் பேர் வாழ்ந்தனர் என்று தன் பூட்டனின் வீட்டைப்பற்றி ஒருவன் படிக்கும்போது, குலப்பெருமை பேச வந்தவன் சிறிது மௌனமாவான். மலைநாட்டு லயக் காம்பராக்களை அறிந்த நம் நேயர்களுக்கு அவ்வீட்டின் நெருக்கடியை விளக்கவேண்டியதில்லை. 1881 முதல் கேலிக் மொழி பேசுவோர் யாவர் என்பதும், 1891 முதல் கேலிக் மட்டும் பேசுவோர் யாவர், ஆங்கிலமும் பேசுவோர் யாவர் என்பதும் எழுதப்பட்டன. 1911இல், மணமாகி எத்தனை ஆண்டுகள், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, அவருள் அன்று உயிரோடிருந்தோர் எத்தனை என்று மணமான பெண்களிடம் கேட்கப்பட்டது. பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து என்ற இரண்டே இலக்கங்களில் ஒரு தாயின் வாழ்நாள் துயரம் அடங்கிவிடும்.

குடிசன மதிப்பு விபரங்கள் நூறாண்டு காலம் மறைவாக வைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டு மதிப்பு, நிலக்கரித் தொழிலாளர் பிணக்கு முதலியவற்றால் ஏப்பிரலிலிருந்து யூன் 19ஆம் திகதிக்குப் பிற்போடப்பட்டு எடுக்கப்பட்டது. ஸ்கொத்லாந்திலே அதன் ஏடுகள் 2022ஆம் ஆண்டின் இறுதியிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. ஸ்கொத்லாந்தின் ஏடுகள் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின.

இனி, 1855க்கு முற்பட்ட காலத்துக்குச் செல்வோம். கோயிற்பற்று என்ற சொல் யாழ்ப்பாணத்து நேயர்களுக்குப் புதியதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் யாழ்ப்பாணம் கோயிற்பற்றுக்களாகவே பிரிக்கப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் இந்நாட்டிலே எழுதிவைத்த பாடசாலைத் தோம்புகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. ஒல்லாந்தரின் சபையும் ஸ்கொத்லாந்துச் சபையும் கல்வின் என்னும் சீர்திருத்தவாதியின் வழிவந்தவை. ஆகவே ஸ்கொத்லாந்துக் கோயிற்பற்றுப் பதிவேட்டை நம் நாட்டுத் தோம்புக்கு உறவினன் என்று கருதுவது பொருந்தும்.

ஸ்கொத்லாந்தில் இன்று எஞ்சியுள்ள கோயிற்பற்றுப் பதிவேடுகளுள் மிகப் பழையது, பெர்த் மாவட்டத்து எரல் என்னும் ஊரில் 1553இல் தொடங்கியதாகும். 900க்கு மேற்பட்ட கோயிற்பற்றுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 3,500 பதிவேடுகள் இன்று எடின்பரோவில் உள்ளன. ஆனால், எல்லா ஊர்களும் எரலைப் போன்றவையல்ல. மலைப்பகுதிகளிலும் மேற்குத் தீவுகளிலும் பல பதிவேடுகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதன் பின்னரோதான் தொடங்குகின்றன. எழுதியவர் சபையின் லிகிதர். அவரே பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியருமாவார். ஒருவர் பிள்ளையின் தாய், தந்தை, குடியிருந்த மனை, சாட்சிகள் எல்லாவற்றையும் எழுதுவார்; மற்றொருவர் தந்தையின் பெயரை மட்டும் எழுதித் தாயை மறந்துவிடுவார்.

அங்கே நாம் காண்பது மூன்று செய்திகள். முதலாவது பிறப்பன்று, ஞானஸ்நானம். இரண்டாவது பெரும்பாலும் விவாகமன்று. மணம் செய்ய விரும்புவோரின் பெயரைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசித்து அறிவித்த செய்தி. மணமகன் ஓரூரும் மணமகள் வேறூருமாயின் ஈரூர்களிலும் ஓலை வாசிக்கப்படும். இரு பதிவேடுகளிலும் இரு வேறு திகதிகள் காணப்படும். ஓலை வாசித்தும் மணம் நடைபெறாமற் போனதும் உண்டு. மூன்றாவது மரணமன்று, அடக்கம். சில ஊர்களில் அதுவுமில்லை. பிணத்தின்மேல் விரிப்பதற்குக் கோயிலிலிருந்து கறுப்புத் துணியொன்றை வாடகைக்குக் கொடுப்பது வழக்கம். அவ்வாடகைப் பணம் ஏழைகளின் உதவிக்குச் செல்லும். அப்பணம் பெற்ற கணக்கே சிலருடைய மரணத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே சான்று.

தேடிய பெயர் பதிவேட்டில் இல்லாதபோது, அம்மனிதர் அவ்வூரிலேயே இல்லை என்று பலர் முடிவு செய்கின்றனர். இதுவும் தவறு. பெயர் விடுபட்டமைக்குக் காரணங்கள் பல. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. 1794இல் அது நீக்கப்படும்வரை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தும் ஏட்டிற் பதியாது விட்டவர் பலர். அன்றியும் ஸ்கொத்லாந்துச் சபையிலிருந்து பிரிந்துசென்ற சபைகள் பல. அவற்றுட் பெரிய பிரிவு 1843ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது. குருவானவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை சபை மக்களுக்கா, நிலவுடைமைப் பிரபுக்களுக்கா என்ற வழக்கிலே, ஏறத்தாழ 1,200 குருமாரில் 450க்கு மேற்பட்டோர் தம் கோயிலையும், குடியிருந்த வீட்டையும், சம்பளத்தையும் துறந்து வெளியேறிச் சுயாதீன சபையை அமைத்தனர். அவர்களைப் பின்பற்றிய மக்களின் பிள்ளைகளைப் பழைய கோயிற்பற்று ஏட்டிலே தேடுவது வீண். மேலும், அந்நாட்டுச் சட்டப்படி ஓர் ஆணும் பெண்ணும் தாம் கணவன் மனைவி என்று சாட்சிகள் முன்னிலையில் மனமொத்துச் சொன்னாலே அது செல்லுபடியான விவாகமாகும். இம்முறை 1940 வரை நிலைத்தது. ஆகவே விவாகப் பதிவு இல்லாமையால் ஒருவர் மணமாகாதவர் என்று கொள்ளுதல் கூடாது.

பெயர்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பாட்டனின் பெயரைத் தாங்குபவனையே நாம் பெயரன் என்கின்றோம். யாழ்ப்பாணத்தாரோ பாட்டனையும் பேரன் என்பர். பெயர் கொடுத்தவனும் பெயர் கொண்டவனும் ஒரு சொல்லால் அழைக்கப்படும் வழக்கம் நம்முடையது. ஸ்கொத்லாந்திலும் பெயர்வழி இவ்வாறே ஓடிற்று. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். மூன்றாமவளுக்குத் தாயின் பெயர். இது சட்டமன்று, வழக்கமே; ஆயினும் எங்கே தேடுவது என்பதற்கு நல்ல குறிப்பாகும். இதனால் விளையும் தொல்லையும் உண்டு. ஒரு பாட்டனுக்கு மணமான ஆண்மக்கள் ஐவர் இருப்பின், அதே பெயரும் அதே குலப்பெயரும் உடைய பேரப்பிள்ளைகள் ஐவர் ஒரே கோயிற்பற்றில் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்துவிடுவர். அவருள் நம்மவர் எவர் என்பதைத் தாயின் பெயரும், வாழ்ந்த மனையின் பெயரும், தொழிலுமே காட்டும்.

இவ்விடத்திலே பெண்களுக்கு அந்நாட்டு வழக்கம் செய்த ஓர் உதவியைக் குறிப்பிடுதல் தகும். மணமான பெண் தன் பிறந்தகத்துப் பெயரைச் சட்டத்தின் முன் இழப்பதில்லை. கல்லறையிலும், மரணப் பதிவிலும், சபை ஏட்டிலும் இன்னாள் மகளாய்ப் பிறந்த பெயருடனேயே இன்னார் மனைவி என்று குறிக்கப்படுவாள். பிறநாட்டு ஏடுகளில் மணத்தோடு மறைந்துபோகும் பெண், ஸ்கொத்லாந்து ஏடுகளில் மறைவதில்லை. கேலிக் மொழி பேசியோர் நிலை வேறு. வீட்டிலே ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதும் லிகிதரின் ஏட்டிலே வேறொரு பெயர். மோராக் என்று ஊரார் அழைத்தவள் ஏட்டிலே மரியன் ஆவாள், சிலவேளை சாரா ஆவாள். இருவரும் ஒருவரே என்று அறியாதவன் இருவேறு பெண்களுக்கு வரலாறு எழுதிவிடுவான்.

ஞானஸ்நானப் பதிவேட்டோடு மற்றொரு நூலும் ஒவ்வொரு கோயிலிலும் இருந்தது. அது மூப்பர் சபையின் கூட்டக் குறிப்பு. குருவானவரும் மூப்பர்களும் கூடி ஊராரின் ஒழுக்கத்தை விசாரித்த நிகழ்ச்சிகள் அதில் எழுதப்பட்டன. மணமாகாத பெண் கருவுற்றால் அவள் அச்சபை முன் அழைக்கப்படுவாள். தந்தை யார் என்று கேட்பார்கள். அவள் சொன்ன பெயரையும், அந்த ஆண் ஒப்புக்கொண்டதையோ மறுத்ததையோ எழுதுவார்கள். குற்றப்பணம் வாங்குவார்கள், சபையார் அனைவரும் காணக் கோயிலில் நிறுத்திக் கண்டிப்பார்கள். 1855க்குப் பின்னரோ, மணமாகாத பெண்ணின் பிள்ளையைப் பதியும்போது தந்தையானவன் உடன்வந்து ஒப்பமிட்டாலன்றி அவன் பெயர் எழுதப்படவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாய் விடப்பட்டது. ஆகவே ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதற்காக எழுதப்பட்ட குறிப்பே, இருநூறு ஆண்டுகளின் பின் அவள் வழிவந்தவனுக்குத் தன் முன்னோனை அறியும் ஒரே வழியாக அமைகின்றது. அதைப் படிப்பவன் தந்தை பெயர் கிடைத்ததென்று மகிழ்வதற்கு முன், அன்று அச்சபை நடுவே நின்றவளை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாட்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறைக்கு நம் நாடறிந்த ஒருவரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1890இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரிலே பிறந்தவர். தாம் பிறந்தது 1850இல் என்று அவர் சொல்லிவந்தார். அவர் பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியோர். கோயிற்பற்றுப் பதிவேட்டிலே அவர் பிறப்பு இல்லை. அரசாங்கப் பதிவோ அப்போது தொடங்கவில்லை. ஆனால் 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவரை மூன்று வயதுப் பிள்ளையாகக் காட்டுகின்றது. 1850இற் பிறந்திருப்பின் மூன்று வயது ஆகியிராது. ஆகவே அவர் 1848ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் என்று கொள்ளுகின்றனர். உலகறிந்த கோடீசுவரரின் வாய்மொழியைக் காட்டிலும், தெருத்தெருவாய் நடந்து கணக்கெடுத்தவரின் ஏடு வலிமையுள்ள சாட்சியாயிற்று.

மற்றொருவர் ஜேம்ஸ் டெயிலர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்நாட்டுத் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டவர் அவரே. 1835இல் கின்கார்டின் மாவட்டத்திற் பிறந்தார். 1852இல் இலங்கைக்கு வந்தார். ஆகவே 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மதிப்புக்கள் எடுக்கப்பட்ட வேளையில் அவர் இன்னும் தாய்நாட்டை விட்டுப் புறப்படவில்லை. 1861ஆம் ஆண்டு மதிப்பிலே அவரைத் தேடுவது வீண். 1892இல் இங்கேயே இறந்து கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டமையால், அவருடைய கல்லறையும் இந்நாட்டிலேயே உள்ளது. ஓரூரின் ஏட்டிலே ஒருவர் திடீரென மறைந்தால், அவர் இறந்தார் என்பது ஒன்றே முடிவன்று. கப்பலேறினார் என்பதும் முடிவாகலாம்.

இவ்வேடுகளை இன்று காப்பது ஸ்கொத்லாந்து தேசியப் பதிவகமாகும். பதிவாளர் நாயகத்தின் அலுவலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் 2011இல் ஒன்றாக இணைந்து அது உருவாயிற்று. எடின்பரோ சென்று பார்க்க இயலாதவர்கள், 'ஸ்கொத்லண்ட்ஸ் பீப்பிள்' என்னும் அதன் இணையத்தளத்திலே சிறு கட்டணத்துக்கு ஏடுகளின் படங்களைக் காணலாம். உயிரோடுள்ளோரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகப் பிறப்புப் பதிவுகள் நூறு ஆண்டுகளும், விவாகப் பதிவுகள் எழுபத்தைந்து ஆண்டுகளும், மரணப் பதிவுகள் ஐம்பது ஆண்டுகளும் கடந்த பின்னரே அங்கே வெளியிடப்படுகின்றன. பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்து அமைதியடையாது, மூல ஏட்டின் படத்தையே பார்த்தல் வேண்டும். பட்டியல் எழுதியவர் பிழையாகப் படித்திருக்கலாம். மூல ஏடே முதற் சாட்சி.

ஈற்றில், நம் மலைநாட்டிலேயே இத்தேடலுக்கு உரியவர்கள் உள்ளனர் என்பதையும் சொல்லவேண்டும். தோட்டத்துரைமாருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழியினர் அவர்கள். சிலருக்கு ஒரு குடும்பப் பெயர் மட்டும் கிடைத்தது; சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இத்தகையோர் தோட்டத்தின் பெயரையும் காலத்தையும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். பெர்குசன் வெளியிட்ட இலங்கைத் தகவல் திரட்டுக்களிலே தோட்டங்களும் அவற்றை நிருவகித்த துரைமாரின் பெயர்களும் உள்ளன. பெயர் தெரிந்தபின் ஸ்கொத்லாந்தின் குடிசன மதிப்பிலே அவர் பிறந்த கோயிற்பற்றைத் தேடலாம். ஆனால், அந்த ஆண்டில் அத்தோட்டத்திலே ஒரு துரை இருந்தார் என்பது அவரே தந்தை என்பதற்குச் சான்றாகாது. தாயும் பாட்டியும் சொன்ன சொல், எழுத்திலுள்ள செய்தி, காலக்கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமா என்று பார்த்தல் வேண்டும். நில்லாவிடின், அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவைத்தல் நன்று. பிழையான ஒருவரைப் பாட்டனாக எழுதிக்கொண்டால், உண்மையான பாட்டனை நாம் இரண்டாம் முறையும் இழந்தவராவோம். வெறுமையாய் விட்ட கட்டத்தையோ, நமக்குப் பின்வரும் ஒருவர் நல்ல சாட்சி கிடைக்கும் நாளில் நிரப்பிக்கொள்வார்.